முதல் சூட்

கடைசி வருஷம், கேம்பஸ் இன்டர்வியூவுக்கு சூட் போட்டுத்தான் வரணும்னு சொன்னதும் நம்ம ஹாஸ்டலே வாடிப்போனது நண்பர்களுக்கு நினைவிருக்கும். அப்பா சொசைட்டியில் லோன் போட்டு அனுப்பிய 3,000 ரூபாயில் ரெடிமேட் சூட் ஒன்று வாங்கினேன். தோள் தொளதொள! பின்னாளில் காந்தியின் 'சத்திய சோதனை'யைப் படித்தபோது, அட, இவரும் நம்ம கேஸ்தான் என்று தோன்றியது.

1888 செப்டம்பரில் 18 வயதில் கப்பலேறியவர், இங்கிலாந்தில் இறங்கும்போது போடவென்று வெள்ளை ஃபிளானல் சூட்டைப் பத்திரமாக வைத்திருந்தார். மாதக் கடைசியில் இறங்கிப் பார்த்தால், வெள்ளை உடுத்தியவர் அவர் ஒருவர்தான். மாற்றலாமென்றால் பெட்டி, சாவி எல்லாம் ஏஜென்டிடம். மறுநாளோ ஞாயிறு!

பம்பாயில் தைத்தது லண்டனுக்கு ஆகாதென்று ஆர்மி அண்டு நேவி ஸ்டோர்ஸில் புதிதாக வாங்கினார். உயரத் தொப்பிக்கு மட்டும் 19 ஷில்லிங். அதோடு விட்டாரா? பாண்ட் தெருவில் 10 பவுண்டுக்கு விருந்து சூட். ஊரில் செலவைத் தாங்கியவர் அண்ணன்.

பிறகு சிக்கனத்தில் இறங்கி, நாளுக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் சாப்பாட்டை முடித்துக்கொண்டார். இன்ஜினீயர் புத்தி, கணக்குப் போட்டேன். 10 பவுண்டு என்பது 2,400 பென்ஸ். 15-ஆல் வகுத்தால் 160 நாள் சாப்பாடு! வீண் செலவு என்று அவரே எழுதிவிட்டார்.

என்னால் அப்படி எழுத முடியவில்லை. அன்று என் சூட்டை மாற்றி மாற்றி நாலு பேர் போட்டோம். இரண்டு பேருக்கு வேலை கிடைத்தது. எனக்கு அடுத்த கம்பெனியில்தான். அங்கே சூட் கேட்கவேயில்லை.