சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச்

எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. 1992 கோடைக்காலம், ஓஹையோ. அப்பா ஒரு பழைய சிவப்பு ரைடிங் மோவரில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மடியில் நான். எனக்கு அப்போது நான்கு வயது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஏதோ விமானம் ஓட்டுகிறவன் மாதிரி முகத்தை வைத்திருக்கிறேன். இந்தப் படத்தின் ஒரு பிரதி ஊரில் தாத்தா வீட்டுக்கும் போனது. மகன் வெளிநாட்டில் வீடு வாங்கிவிட்டான், புல் வெட்டக்கூட உட்கார்ந்து ஓட்டும் வண்டி வைத்திருக்கிறான் என்று தாத்தா வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாராம்.

போன கோடையில் அக்கா மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நானும்!" என்றாள். அவளுக்கும் நான்கு வயது. அப்பா உடனே அவளைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குக் கிளம்பிவிட்டார். "வேண்டாம்ப்பா" என்றேன்.

"உன்னையும் இப்படித்தான் மடியில வச்சு ஓட்டினேன். உனக்கு என்னடா ஆச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். பிறகு உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க அது இருநூறு வருடக் கதையாக நீண்டது.

கதை இங்கிலாந்தில், ஸ்ட்ரவுட் என்ற ஊருக்குப் பக்கத்தில் தொடங்குகிறது. அந்தப் பகுதி கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போனது. நெய்து முடித்த துணியின் மேல் பிசிர் நீட்டிக்கொண்டிருக்கும். அதைச் சீராக வெட்ட, சுழலும் பிளேடுகள் வைத்த ஓர் இயந்திரம் இருந்தது. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் அதைப் பார்த்து, துணிக்குப் பதில் தரையை வைத்தால் என்ன என்று யோசித்தார். 1830இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் முதல் புல்வெட்டும் இயந்திரம். ஆரம்பத்தில் விற்ற இயந்திரங்களில் ஒன்று லண்டன் ரீஜன்ட்ஸ் பார்க் மிருகக்காட்சிசாலைக்குப் போனது. அதுவரை பெரிய மாளிகைகளின் புல்வெளியை நீண்ட கைப்பிடி வைத்த அரிவாளால் ஆட்கள் வரிசையாக நின்று வெட்டுவார்கள். இல்லையென்றால் ஆடுகளை மேயவிடுவார்கள்.

பட்டிங் இயந்திரத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பின்னால் இருக்கும் உருளை தரையில் உருண்டால்தான் பல்சக்கரங்கள் வழியாக பிளேடு சுழலும். தள்ளுகிறவர் நின்றால் உருளை நிற்கும், பிளேடும் நிற்கும். பாதுகாப்புக்கென்று யாரும் அப்படி வடிவமைக்கவில்லை. மனித பலத்தில் ஓடுகிற எதுவும் மனிதன் நிறுத்தினால் நின்றுவிடும், அவ்வளவுதான். அடுத்த நூறு வருடத்தில் நாம் தொலைத்தது இதைத்தான்.

அடுத்த கட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய இயந்திரங்களைக் குதிரைகள் இழுத்தன. புல்லில் குளம்புத் தடம் விழாமல் இருக்க அவற்றுக்குத் தோல் பூட்ஸ் மாட்டினார்கள். (குதிரைக்கு பூட்ஸ்! மியூசியத்தில் பார்த்தால் விட்டுவிடாதீர்கள்.) 1893இல் ஜேம்ஸ் சம்னர் என்பவர் நீராவியில் ஓடும் மோவருக்குக் காப்புரிமை எடுத்தார். 1902இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் பெட்ரோல் மோவரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது மனிதன் நின்றாலும் இயந்திரம் நிற்காது.

ஆனால் உண்மையான ஆபத்து என்ஜினோடு மட்டும் வரவில்லை, பிளேடு மாறியபோது வந்தது. பட்டிங்கின் பிளேடு கத்தரிக்கோல் மாதிரி வேலை செய்யும். கீழே ஒரு நிலையான தகடு, அதன்மேல் உரசிப்போகும் பிளேடு. அதற்கு அதிக வேகம் தேவையில்லை. இன்று நம் வீடுகளில் இருக்கும் மோவரில் அந்தக் கீழ்த்தகடு கிடையாது. ஒரே இரும்புப் பட்டை, ஹெலிகாப்டர் விசிறி மாதிரி தரைக்கு இணையாகச் சுற்றுகிறது. புல்லைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாததால், வேகத்தால் மட்டுமே அது வெட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் இந்த வகையைப் பிரபலமாக்கியவர் மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன். 1952இல் சிட்னி கான்கார்டில் தன் கராஜில் கிடந்த பழைய சாமான்களை வைத்து முதல் மோவரைச் செய்தார். பெட்ரோல் டேங்க், பீச் பழம் வந்த தகர டப்பா. அதுதான் விக்டா மோவர்.

எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். அமெரிக்கத் தரவிதி, பிளேடின் நுனி நிமிடத்துக்கு 19,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்கிறது. கணக்குப் போட்டால் மணிக்கு சுமார் 347 கிலோமீட்டர். அதுதான் உச்ச வரம்பு. நம் வீட்டு வண்டிகள் அதற்கு ரொம்பக் கீழே ஓடுவதில்லை. அந்த வேகத்தில் ஒரு கூழாங்கல் மாட்டினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் ஒரு தடவை பார்த்தோம். எனக்கு ஒன்பது வயது இருக்கும். அப்பா வீட்டை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். புல் வெளியே வரும் வாய் வீட்டுப் பக்கம் பார்த்திருந்தது. பின்பக்கத்து கண்ணாடிக் கதவு ஒரே சத்தத்தில் நொறுங்கி விழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அக்கா அங்கேதான் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். "கல்லு பட்டுடுச்சு" என்பதோடு வீட்டில் பேச்சு முடிந்தது. இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. நாங்களும் மறந்துபோனோம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்காவில் புறநகர்கள் பெருகின. 1947இல் நியூயார்க் பக்கம் லெவிட்டவுனில் வீடு வாங்கியவர்கள் வாரம் ஒருமுறை புல் வெட்டியே ஆகவேண்டும் என்று விதியே இருந்தது. மனைகள் பெரிதாக ஆக, நடந்து தள்ளுவது அலுத்துப்போனது. 1960களின் தொடக்கத்தில் விவசாய டிராக்டர் கம்பெனிகள் தோட்டத்துக்கென்று குட்டி டிராக்டர்கள் செய்தன. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் கப் கேடட் வந்தது. 1963இல் ஜான் டியரின் 110 வந்தது. டிராக்டர் மாதிரியே பானட், ஸ்டீயரிங், சீட். பார்த்தால் பொம்மை மாதிரி இருக்கும். சீட் இருந்தால் மடி இருக்கும். மடி இருந்தால் குழந்தை ஏறும். என் படத்தின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கையும் காலும் போன செய்திகள் சேரச் சேர, அரசு தலையிட்டது. 1972இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சட்டப்படி உருவானது. அது 1979இல் நடந்து தள்ளும் மோவர்களுக்கு ஒரு விதி எழுதியது: கைப்பிடியை விட்டால் 3 நொடிக்குள் பிளேடு நிற்க வேண்டும். கைப்பிடியிலிருந்து கை பிளேடுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நின்றாக வேண்டும் என்பது கணக்கு. தயாரிப்பாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். விலை ஏறும், மக்கள் எரிச்சலடைவார்கள் என்றெல்லாம் வாதம். 1980இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விதியின் பெரும்பகுதி செல்லும் என்றது. 1981இல் நாடாளுமன்றம் ஒரு சலுகை கொடுத்தது: என்ஜினையே அணைத்து பிளேடை நிறுத்தலாம், மறுபடி கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யலாம், ஆனால் அந்தக் கயிறு கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். 1982 ஜூன் கடைசியில் விதி அமலுக்கு வந்தது. உங்கள் வீட்டு மோவரின் கயிறு பிளேடுக்கு மேலே என்ஜினில் இல்லாமல், நீங்கள் நிற்கும் பக்கம் இருப்பதற்குக் காரணம் இந்த இழுபறிதான். நான் பொறியியல் படித்த ஆறு வருடத்தில் இப்படி ஒரு கயிற்றுக்குப் பின்னால் நாடாளுமன்றம் இருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ரைடிங் மோவர் அந்த விதிக்குள் வரவில்லை. அதற்கு இருப்பது தயாரிப்பாளர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்ட தரவிதி. 1986ஆம் ஆண்டுப் பதிப்பில், ஓட்டுபவர் சீட்டை விட்டு எழுந்தால் பிளேடு தானாக நிற்க வேண்டும் என்று சேர்த்தார்கள். அதற்காக சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் வந்தது. 1992 படத்தில் இருக்கும் எங்கள் வண்டி அதற்கும் முந்தையது. அதில் சுவிட்சே கிடையாது. அடுத்து வாங்கிய வண்டியில் இருந்தது. ஆனால் சில வருடத்தில் சுவிட்ச் தேய்ந்து, ஒவ்வொரு குழியிலும் என்ஜின் அணைய ஆரம்பித்தது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? இரண்டு வயரையும் நேராக முறுக்கி இணைத்து, கறுப்பு டேப் சுற்றிவிட்டார். போன கோடையில் சீட்டைத் தூக்கிப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. எத்தனை வருடமாக அப்படி ஓடியதோ.

அமெரிக்க ஆணையம் ரைடிங் மோவர் பற்றி வெளியிட்ட எச்சரிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. அது வெளியான காலத்தில் வருடத்துக்கு சுமார் 75 பேர் இறந்தார்கள், 20,000 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் குழந்தை. அந்தக் குழந்தைகளில் பலர் வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் இல்லை. வண்டி போகும் வழியில் வந்தவர்கள். பலமுறை வண்டி பின்னால் வந்தபோது.

இதைப் படித்துவிட்டு எங்கள் வண்டியின் கையேட்டை எடுத்தேன். முதல் பக்கங்களில், நாம் யாரும் படிக்காத அந்த எச்சரிக்கைப் பட்டியலில், ஒரு வரி இருந்தது. ஒருமுறை சவாரி போன குழந்தை, இன்னொரு சவாரிக்காகத் திடீரென ஓடிவரலாம். முன்னாலோ பின்னாலோ வண்டியில் மாட்டலாம் என்று அதன் சாரம். கிட்டத்தட்ட எல்லா கம்பெனிக் கையேட்டிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது.

அப்பாவின் கேள்விக்குப் பதில் அதுதான். அன்று மடியில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆபத்து அடுத்த சனிக்கிழமை. வண்டிச் சத்தம் கேட்டால் தாத்தா கூப்பிடுகிறார் என்றுதான் நான்கு வயதுக்குத் தோன்றும். பின்பக்கமாக ஓடிவருவாள். தாத்தா காதில் சத்தம் அடைக்கும் மஃப். திரும்பிப் பார்க்காமல் ரிவர்ஸ் போடுவார். சீட் சுவிட்ச் அங்கே உதவாது, அவர் சீட்டில்தானே இருக்கிறார். அதனால்தான் 2003ஆம் ஆண்டுத் தரவிதி, ரிவர்ஸ் போட்டால் பிளேடு நிற்க வேண்டும் என்றது. வேண்டுமென்றே ஒரு பட்டனை அழுத்தினால்தான் பின்னால் போகும்போதும் வெட்டும். எங்கள் வண்டி அதற்கும் முந்தையது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இன்னும் நேராகச் சொல்கிறது: ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், நடந்து தள்ளும் மோவருக்கு 12 வயது, ரைடிங் மோவருக்கு 16. இதைப் படிக்கும் உங்களில் பலர் 13, 14 வயதில் "நான் ஓட்டுறேன்" என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், நானும் கேட்டேன். பதினாறு வந்து சாவி கையில் கிடைத்ததும் சரிவில் கவனம். நடந்து தள்ளுவதைச் சரிவின் குறுக்கே ஓட்ட வேண்டும், வழுக்கினால் கால் பிளேடுக்குள் போகாது. ரைடிங் மோவரை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே போனால் கவிழும். இரண்டும் நேர் எதிர். 15 டிகிரிக்கு மேல் சரிவென்றால் பெரும்பாலான கையேடுகள் ஏறவே வேண்டாம் என்கின்றன. கவிழ்வதுதான் பெரியவர்கள் இறப்பதற்கு ஒரு முக்கியக் காரணம். விவசாய டிராக்டர்களில் ஸ்வீடன் 1959லேயே, கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுக்காத இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது. இப்போது சில பெரிய மோவர்களிலும் அந்தச் சட்டம் வருகிறது. அது நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் போட்டே ஆகவேண்டும்.

பராமரிப்பில் நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில்தான். டெக்குக்கு அடியில் கை போகும் முன் சாவியை எடுத்துவிட்டு, ஸ்பார்க் பிளக் வயரையும் கழற்றிவிட வேண்டும். நடந்து தள்ளும் மோவரில் பிளேடு நேராக என்ஜின் தண்டில் மாட்டியிருக்கிறது. புல்லைச் சுரண்டும்போது பிளேடைத் திருப்பினால் என்ஜினைத் திருப்புகிறீர்கள். அது ஸ்டார்ட் ஆகிவிடலாம். அப்புறம், சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். மற்றதெல்லாம், ஆயில், டயர் காற்று, பிளேடு கூர், ஒருநாள் தள்ளிப்போனால் புல்தான் கோணலாக வெட்டுப்படும்.

அந்த வாரம் புது சீட் சுவிட்ச் வாங்கி வந்தேன். சில டாலர்தான். அப்பா கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு டேப்பைப் பிரித்தபோது, "அது நல்லாத்தான்டா ஓடிட்டிருந்தது" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கையேட்டில் இருந்த அந்தப் பக்கத்தை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"திரும்பி ஓடி வரும்னு எழுதியிருக்கான்."

"ஆமாப்பா."

வெளியே திறந்த இடத்தில், பக்கத்தில் யாரும் இல்லாமல் சோதித்தோம். அப்பா உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து பிளேடைப் போட்டார். கீழே இறங்காமல் சீட்டிலிருந்து லேசாக எழுந்தார். என்ஜின் அணைந்தது. அவரே இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தார்.

அப்புறம் புல் வெட்டினார், புல் வரும் வாய் வீட்டைப் பார்க்காதபடி. அக்கா மகள் உள்ளே இருந்தாள். கீழே கண்ணாடிக் கதவருகே வேண்டாம் என்று அக்கா அவளை மாடிக்கு அழைத்துப்போயிருந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் அப்பா நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்துக் கையாட்டினார்.