காற்றுக்குக் கடிவாளம்: பனிவெளிப் பட்டங்களின் கதை

நோர்வேயில் ஒஸ்லோவிலிருந்து பேர்கன் நகருக்கு ரயிலில் செல்லும் எம்மவர்கள், பனிக்காலத்தில் ஹவ்காஸ்தோல் நிலையத்தை அண்மிக்கும்போது யன்னலுக்கு வெளியே ஒரு காட்சியைக் கண்டிருக்கக்கூடும். மரங்களேயற்ற வெண்ணிற மேட்டுநிலத்தில் வண்ணப் பட்டங்கள் வானில் நிற்க, அவற்றின் நூல்களில் தம்மைப் பிணைத்துக்கொண்ட மனிதர்கள் பனிச்சறுக்குக் கட்டைகளில் விரைந்துகொண்டிருப்பார்கள். ஹார்டாங்கர்விட்டா எனப்படும் அந்த மேட்டுநிலத்தில் 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ரக்னரொக்' என்ற நெடுந்தூரப் போட்டியில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் பட்டங்களை எழுப்பிப் புறப்படுகின்றனர். ஆங்கிலத்தில் ஸ்னோகைற்றிங் என்று வழங்கப்படும் இவ்விளையாட்டை நான் பனிப்பட்டச் சறுக்கல் என்று குறிப்பிடுகிறேன்.

இதனை இளைஞர்களின் புதுமோகம் என்று ஒதுக்கிவிடுவோர் உளர். ஆனால் காற்றின் வலுவைப் பட்டத்தினால் பிடித்து மனிதனை இழுக்கச் செய்யும் முயற்சிக்கு ஏறக்குறைய 200 ஆண்டுகால வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பாடசாலை ஆசிரியர் ஒருவரும், விண்வெளி ஆய்வும், ஒரு வீட்டின் யன்னல் திரைச்சீலையும் இடம்பெறுகின்றன.

அந்த ஆசிரியர் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் பொக்கொக். 1826இல், பட்டங்களால் இழுக்கப்படும் வண்டியொன்றுக்கு அவர் காப்புரிமை பெற்றார். அவரது பட்டம் நான்கு கயிறுகளால் கட்டுப்படுத்தப்பட்டது. இன்றைய பனிப்பட்டங்களிற் பெரும்பாலானவையும் நான்கு நூல்களிலேயே இயங்குகின்றன என்பது கவனிக்கத்தக்கது. அக்காலத்து வீதிகளில் வண்டியை இழுக்கும் குதிரைகளின் எண்ணிக்கையைக் கொண்டே சுங்கம் அறவிடப்பட்டமையால், குதிரையே இல்லாத இந்த வண்டியிடம் எதனை அறவிடுவது என்று சுங்கச்சாவடியினர் திகைத்தனராம். பொக்கொக் தமது மகள் மார்த்தாவைக் கதிரையொன்றில் அமர்த்திப் பட்டத்தினால் வானில் உயர்த்தியும் பரிசோதித்தார். நல்லவேளையாக அச்சிறுமி பத்திரமாகத் தரையிறங்கினாள். பின்னாளில் அவளுக்குப் பிறந்த பிள்ளைகளுள் ஒருவரே கிரிக்கெட் உலகின் பிதாமகர் எனப் போற்றப்படும் டபிள்யூ. ஜி. கிறேஸ். பேரன் பெற்ற புகழில் பாட்டனாரின் பட்டம் மறைந்துபோயிற்று.

பட்டம் மனிதனைத் தூக்கும் என்பதை எம்மவருக்குச் சான்று காட்டி நிறுவ வேண்டிய தேவையில்லை. 2021 டிசம்பரில் வடமராட்சியில் பெரும் பட்டமொன்றை ஏற்றிய இளைஞர் குழுவில் ஒருவர், ஏனையோர் கயிற்றைக் கைவிட்ட பின்னரும் பிடியை விடாது நின்று, பல அடி உயரத்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட காணொளியை உலகமே கண்டது. அவர் பெருங்காயமின்றித் தப்பினார். அந்தக் காணொளியைப் பார்த்தோர் பலர் சிரித்தனர். நான் அதில் கண்டது வேறு. இழுவைப் பட்டத்தின் வரலாறு முழுவதிலும் தீர்க்கப்படாது தொடர்ந்த கேள்வி அதில் இருந்தது. காற்றைப் பிடிப்பது எளிது. பிடித்த காற்றை வேண்டிய கணத்தில் விடுவது எப்படி?

துருவப் பயணிகள் காற்றின் உதவியை வெகுகாலமாக நாடியே வந்துள்ளனர். 1888இல் கிறீன்லாந்தின் பனிப்படலத்தை முதன்முதலாகக் குறுக்கே கடந்த நோர்வேயரான பிரிட்ஜொவ் நான்சனின் குழுவினர், தமது சறுக்குவண்டிகளை இணைத்துக் கட்டி அவற்றில் பாய் விரித்து ஓடினர். ஆனால் பாய் தரையோடு ஒட்டி நிற்பது. தரைக்கு அண்மையில் காற்றின் வேகம் குறைவு. பட்டமோ 20 அல்லது 25 மீற்றர் நூலின் முனையில் வலுவான காற்றில் உலவுகிறது. அத்துடன், அதனை வானில் இங்குமங்கும் வீசிப் பறக்கவிடும்போது, பட்டத்தின் சொந்த வேகமும் காற்றின் வேகத்தோடு சேர்கிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் இழுவை நான்கு மடங்காகும் என்பதே இதன் கணக்கு. சிறிய துணியொன்று பெரிய மனிதனை இழுக்கும் இரகசியமும் இதுதான். அது அவனைக் கொல்லக்கூடியதும் இதனாலேயே.

நவீன பட்டத்தின் மூலத்தைத் தேடினால் ஐக்கிய அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும். பொறியியலாளர் பிரான்சிஸ் றொகல்லோவும் அவரது மனைவி கேற்றுறூட்டும் 1948இல் சட்டகமே இல்லாத, மடிக்கத்தக்க சிறகொன்றை உருவாக்கினர். அதன் முதல் மாதிரியைக் கேற்றுறூட் தைத்தது வீட்டின் பழைய திரைச்சீலையிலாகும். விண்கலங்களைத் தரையிறக்க இச்சிறகைப் பயன்படுத்தலாமா என்று நாசா நிறுவனம் 1960களில் ஆராய்ந்து, பின்னர் சாதாரண பரசூட்டே போதும் என்று கைவிட்டது. நாசா கைவிட்ட அந்த வடிவத்தைப் பல ஆண்டுகளின் பின்னர் ஆர்வலர்கள் தம் வீடுகளில் மலிவாகத் தைத்து, அதனால் இழுபட்டு ஓடினார்கள். மற்றொருவர் டொமினா ஜல்பேர்ட். 1960களின் நடுப்பகுதியில் அவர் அமைத்த சிறகில், முன்விளிம்பில் உள்ள வாய்களினூடாகக் காற்றுப் புகுந்து அறைகளை நிரப்ப, துணி தானாகவே விறைத்துச் சிறகின் வடிவம் பெறும். மூங்கிலும் இல்லை, ஈர்க்கும் இல்லை, காற்றே அதன் எலும்பு. இன்று பனிவெளியில் பறக்கும் பெரும்பாலான பட்டங்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த புறூனோ, டொமினிக் லெகெனூ சகோதரர்கள் 1984இல் வேறொரு வழியைக் காட்டினர். பம்பினால் ஊதி நிரப்பப்படும் குழாய்களைச் சட்டகமாகக் கொண்ட அவர்களது பட்டம் கடலில் வீழ்ந்தாலும் அமிழாது. கடலில் அது கோலோச்சியது. பனியில் நிலைமை வேறு. கடுங்குளிரில் காற்றுப்பைகள் விறைத்துப்போகும், அடைப்புகள் கசியும், பம்பையும் சுமக்க வேண்டியிருக்கும். துணிப்பட்டமோ சிறு பொதியாகச் சுருங்கி முதுகுப்பையில் அடங்கிவிடும். ஆகவேதான் மலையிலும் துருவத்திலும் துணிப்பட்டமே நிலைத்தது.

இனி, 'விடுவது எப்படி' என்ற கேள்விக்கு வருவோம். பட்டம் கட்டத் தெரிந்த யாழ்ப்பாணத்துச் சிறுவன் எவனுக்கும் முச்சையின் அருமை தெரியும். மேல் முச்சையையும் கீழ் முச்சையையும் ஓர் அங்குலம் மாற்றிக் கட்டினாலே பட்டம் காற்றை எதிர்கொள்ளும் கோணம் மாறி, இழுவை கூடும் அல்லது குறையும். ஆனால் நாம் முச்சையைத் தரையில் வைத்தே கட்டுகிறோம். ஏற்றிய பின்னர் மாற்ற இயலாது. தொடக்ககால இழுவைப் பட்டங்களின் நிலையும் ஏறக்குறைய இதுவே. எதிர்பாராத வன்காற்று வீசினால் ஆடுபவன் இழுபட்டுச் செல்ல வேண்டியதுதான். அந்த முச்சையைப் பறக்கும்போதே மாற்றுவதற்கு வழிசெய்ததே இவ்விளையாட்டின் திருப்புமுனை என்பது என் கருத்து. ஆடுபவரின் இடுப்புப் பட்டியில் முன் நூல்கள் இணைந்திருக்கும். பின் நூல்கள் கையிலுள்ள தண்டின் இரு முனைகளிலும் கட்டப்பட்டிருக்கும். தண்டை முன்னோக்கித் தள்ளினால் பின் நூல்கள் தளர்ந்து, பட்டம் காற்றுக்குத் தன் விளிம்பைக் காட்டி வலுவிழக்கும். அதற்கும் அடங்காவிட்டால், தடித்த கையுறையோடும் தள்ளிவிடத்தக்க விடுவிப்புப் பொறி உண்டு. அதனைத் தள்ளியதும் பட்டம் ஒற்றை நூலில் தொங்கி, பயனற்ற துணியாக வீழ்ந்துவிடும். கடலிலும் கரையிலும் பல உயிர்கள் பலியான பின்னரே இப்பொறி கட்டாய உறுப்பாயிற்று. கடற்பட்டச் சறுக்கலின் விடுவிப்புப் பொறிக்கான சர்வதேசத் தரநிர்ணயம் 2020இலேதான் வெளியிடப்பட்டது.

நூலும் சாதாரண நூலன்று. டைனீமா எனப்படும் பொலியெத்திலீன் இழை எடைக்கு எடை உருக்கிலும் வலியது. நீரை உறிஞ்சாததால் உறைந்து விறைப்பதில்லை. ஆனால் இறுகிய நிலையில் அது சதையை அறுக்கும். எமது மாஞ்சா நூலை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கண்ணாடித்தூள்கூடத் தேவையில்லை. குளிர்க்காற்று அடர்த்தி மிக்கது என்பதையும் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். கடல்மட்டத்தில் மறை 25 பாகை செல்சியசில் உள்ள காற்று, எமது 30 பாகைக் காற்றிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலான அடர்த்தி கொண்டது. பனியில் உராய்வும் குறைவு. கடலில் பயன்படுத்திய அதே அளவுப் பட்டத்தைப் பனிக்குக் கொண்டு செல்வோர் திடுக்குறுவது இதனாலேயே.

இந்த உபகரணங்கள் துருவப் பயணத்தின் அளவுகோலையே மாற்றின. 1989-90இல் றைன்ஹோல்ட் மெஸ்னரும் ஆர்வெட் பூக்சும் அந்தாட்டிக்காவைக் கடந்தபோது காற்றுச் சாதகமான இடங்களில் பாய்ப்பட்டத்தின் துணையைப் பெற்றனர். 1997-98இல் பெல்ஜியரான அலன் ஹியூபேரும் டிக்சி டான்சர்கூரும் பட்டங்களின் துணையோடு 99 நாட்களில் 3,900 கிலோமீற்றருக்கு மேல் கடந்தனர். 2010இல் கிறீன்லாந்தில் எரிக் மக்நெயர்-லான்ட்றி, செபஸ்ரியன் கோப்லன்ட் ஆகிய இருவரும் 24 மணித்தியாலத்தில் 595 கிலோமீற்றர் ஓடினர். தம் தசைவலுவால் சறுக்குவண்டியை இழுப்பவர் ஒரு நாளில் 25 கிலோமீற்றர் செல்வதே நல்ல வேகம் என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வேறுபாடே ஒரு கசப்பான சர்ச்சைக்கும் காரணமாயிற்று. 2018 டிசம்பரில் அமெரிக்கரான கொலின் ஓ'பிறேடி அந்தாட்டிக்காவை எவ்வித உதவியுமின்றித் தனியாகக் கடந்த முதல் மனிதர் எனப் பத்திரிகைகள் கொண்டாடின. அவர் 54 நாட்களில் ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் கடந்தார். ஆனால் நோர்வேயரான பேர்கெ ஊஸ்லான்ட் 1996-97இலேயே தனியாக, 64 நாட்களில், 2,845 கிலோமீற்றர் கடந்திருந்தார். பனித்தட்டுகளையும் சேர்த்து, கடலோரம் முதல் கடலோரம் வரை அவர் சென்றார். அவரிடம் ஒரு சிறு பாய்ப்பட்டம் இருந்தது என்பதற்காக அப்பயணம் 'உதவி பெற்றது' எனத் தள்ளிவைக்கப்பட்டது. மறுபுறம், ஓ'பிறேடி தமது பயணத்தின் இறுதிக் கட்டத்தில் வாகனங்களுக்காகச் செப்பனிடப்பட்ட பனிப்பாதையில் நடந்தார். அது உதவியாகக் கொள்ளப்படவில்லை.

நான் ஊஸ்லான்டின் பக்கமே நிற்கிறேன். அவர் காற்றை விலைக்கு வாங்கவில்லை, யாரும் அதனை விமானத்தில் கொண்டுவந்து போடவுமில்லை. பட்டத்தை அவரே சுமந்தார். அதே வேளை, தசைவலுவால் மட்டும் செல்வது வேறொரு தவம் என்பதையும் மறுக்க முடியாது. 2016 ஜனவரியில் ஹென்றி வேர்ஸ்லி அத்தகைய தனிப்பயணத்தின் இறுதிக் கட்டத்தில் உடல் தளர்ந்து மீட்கப்பட்டு, சிலியின் வைத்தியசாலையில் காலமானார். 'முதல்வர்' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்விரண்டையும் அடைக்க முற்பட்ட பத்திரிகையாளர்களே, என் தொழிலைச் சேர்ந்தவர்களே, இச்சர்ச்சைக்கு எண்ணெய் வார்த்தனர். பின்னர் துருவப் பயணிகள் வகுத்த வகைப்பாட்டு முறையில் பட்டத்தால் செல்வது தனியொரு பயணமுறையாகப் பதிவாகிறது.

ஐரோப்பாவின் மலைச்சரிவுகளிலோ இத்தகைய கௌரவப் பிரச்சினைகள் இல்லை. பிரான்சின் லோத்தறே கணவாய், சுவிற்சர்லாந்தின் சில்வப்லானா ஏரி போன்ற இடங்களில், கம்பிவடக் கட்டணம் செலுத்தாது மேட்டின்மீதே ஏறிச் செல்லலாம் என்ற கவர்ச்சி இளைஞர்களை இழுத்தது. ஹார்டாங்கர்விட்டாவில் மாத்திரம் ஓர் எதிர்க்குரல் எழுந்தது. அங்கு வாழும் காட்டுக் கலைமான்கள் வானில் அசையும் பெருந்துணிகளைக் கண்டு மிரண்டு ஓடுகின்றன. பனிக்காலத்தில் ஓடுவது அவற்றின் உடற்கொழுப்பைக் கரைத்துவிடும். ஆதலால் தேசியப் பூங்காவினுள் பட்டங்களுக்குக் கட்டுப்பாடுகள் உள்ளன. அவை நியாயமானவை என்றே படுகிறது.

பட்டம் தரும் வேகத்துக்கு மற்றொரு விலையும் உண்டு. பனிப்பிளவுகளை மூடியிருக்கும் மெல்லிய பனிப்பாலங்கள்மீது வேகமாகச் செல்பவர் தப்பிவிடுவதுண்டு. நின்றுவிட்டால் ஆபத்து. 1997-98இல் அந்தாட்டிக்காவைக் கடந்த அதே டான்சர்கூர், 2011-12இல் சாம் டெல்டூருடன் பட்டத்தினால் 5,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட சுற்றுப்பயணமொன்றையும் முடித்திருந்தார். உலகில் அவரைவிடப் பழக்கப்பட்ட பனிப்பட்டக்காரர் வெகுசிலரே. 2021இல் ஒரு தோழருடன் கிறீன்லாந்தின் பனிப்படலத்தைப் பட்டங்களால் கடக்கப் புறப்பட்ட அவர், ஜூன் 7ஆம் திகதி பனிப்பிளவொன்றினுள் வீழ்ந்து மாண்டார். அவருக்கு 58 வயது.