மஞ்சவாடித் தண்ணீர் சேலம் போன கதை

குப்பனூரில் ஏற்காட்டு மலைப்பாதைக்குத் திரும்பாமல் அரூர் சாலையிலேயே நேரே போனால் மஞ்சவாடிக் கணவாய் வரும். சேர்வராயன் மலையின் அந்த மடிப்பில்தான் திருமணிமுத்தாறு பிறக்கிறது. மதுரை மீனாட்சியின் மூக்குத்தி முத்து இந்த ஆற்றில் கிடைத்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு சேலத்துப் பாலத்தைக் கடக்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

ஆற்றங்கரையில் சுகவனேசுவரர் கோயில். அதைச் சுற்றிக் கோட்டை, கடைவீதி. 1866-லேயே சேலம் நகராட்சி ஆகிவிட்டது. குடிதண்ணீருக்காக 1911-ல் பனமரத்துப்பட்டி ஏரியை அமைத்தார்கள். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. பிற்பாடு அங்கிருந்தும் குழாய் போட்டுக் காவிரியைக் கொண்டுவந்தார்கள். வருகிற தண்ணீருக்கு இத்தனை பாடுபட்ட ஊர், போகிற தண்ணீருக்கு அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்திலேயே ஆறு இருந்ததே! வீட்டுக் கழிவும் சாயப்பட்டறைத் தண்ணீரும் தெருச் சாக்கடை வழியாக அதில்தான் இறங்கின.

பாதாள சாக்கடை மிகவும் தாமதமாகத்தான் வந்தது. அதன் சூட்சுமம் சரிவில் இருக்கிறது. தண்ணீர் தானாக ஓட வேண்டும் என்பதால், தூரம் போகப் போகக் குழாய் ஆழமாக இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்துக்கு மேல் தோண்ட முடியாது. அங்கே மோட்டார் வைத்து மேலே ஏற்றி, சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளுவார்கள். சேலத்தில் அந்த நிலையங்கள் இருக்கும் இடங்களின் பெயரைப் பாருங்கள்: அணைமேடு, மான்குட்டை, வெள்ளக்குட்டை, வண்டிப்பேட்டை. அணையும் குட்டையும் பெயரிலாவது மிச்சமிருக்கின்றன.

குறுகலான கடைவீதியில் இந்தக் குழாயைப் பதிப்பது லேசான வேலையல்ல. குடிநீர்க் குழாய், மின்கேபிள், தொலைபேசிக் கம்பி என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு துறை புதைத்தது. ஒன்றைத் தோண்டினால் இன்னொன்று அறுபடும். போட்ட தார்ச்சாலையை மறுமாதமே வெட்டுகிறார்களே என்று நாம் திட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016-ல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பழைய பேருந்து நிலையத்தை இடித்து, 96.53 கோடி ரூபாயில் ஈரடுக்காகக் கட்டி, 2023 ஜூனில் திறந்தார்கள். வேலை முடியும்வரை பேருந்துகள் போஸ் மைதானத்தில் நின்றன. நிலையம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே கட்டியதற்குக் கல்வெட்டு உண்டு, கீழே பதித்த குழாய்க்கு மேன்ஹோல் மூடி மட்டுமே. பணமும் கவனமும் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்கவா வேண்டும்?

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் கொட்டியது. மலைத்தண்ணீர் மொத்தமும் இறங்க, திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது. சாக்கடை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது ஆறு என்பது அன்றைக்குத் தெரிந்தது. கரையோர வீடுகளுக்குள் புகுந்ததில் மழைத்தண்ணீரோடு நாம் விட்ட கழிவும் கலந்திருந்தது.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தெருவில் பாதாள சாக்கடை பதித்தாயிற்று என்றால், வீட்டுக் குழாயை அதில் இணைத்தாயிற்றா என்று பாருங்கள். இன்னமும் தெருவோரக் கால்வாயில்தான் விழுகிறது என்றால், மாநகராட்சியில் மனுக் கொடுத்து இணைப்பு வாங்கிவிடுங்கள்.