சுதந்திர சதுக்கமும் கண்டி மண்டபமும்

கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களிடையே வளர்ந்த நாம், உயர்கல்வியின் பொருட்டுக் கொழும்பு சென்ற நாள் தொட்டுப் பலமுறை நின்று நோக்கிய இடம் கறுவாத்தோட்டத்துச் சுதந்திர சதுக்கமாகும். முன்னாளில் அது டொரிங்டன் சதுக்கம் எனப்பட்டது. 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஈவிரக்கமின்றி அடக்கிய தேசாதிபதியின் பெயர் அது. சரியாக நூறாண்டு கழித்து, 1948 பெப்ரவரியில், குளஸ்டர் கோமகன் சுதந்திர இலங்கையின் முதற் பாராளுமன்றத்தைத் திறந்துவைத்த விழா அவ்விடத்திலேயே நிகழ்ந்தமை விந்தையன்றோ!

அதன் ஞாபகார்த்தமாகப் பின்னர் எழுந்ததே இன்றுள்ள மண்டபம். முன்னே டி. எஸ். சேனநாயக்காவின் சிலை, சுற்றிலும் சிங்கங்கள், படியேறினால் வரிசை வரிசையாகத் தூண்கள். சுவர் கிடையாது. நாற்புறமும் காற்று வீசும். கூரையோ கண்டிப் பாணியிலே சரிந்து தாழ்வது. தூண்களை அணுகிப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். அவற்றின் வேலைப்பாடு தச்சனின் உளிக்கே உரியது. மரத்திற் செதுக்கியதைக் கொங்கிறீற்றில் வார்த்திருக்கின்றனர். சிற்பக்கலை பயிலாத எமக்கும் இது தெரிந்தது.

அந்த மரத்தூண்கள் கண்டியில் இன்றும் நிற்கின்றன. மகுல் மடுவ எனும் அரசவை மண்டபம் அது. இராஜாதி இராஜசிங்கன் 1783இல் அதனைக் கட்டத் தொடங்கினான். அவனுக்குப்பின் 1798இல் முடிசூடியவன் நாயக்க வமிசத்துக் கண்ணுசாமி. ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் என்பது அவனது அரியணைப் பெயர். 1815 பெப்ரவரியில் அவன் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். மார்ச் 2ஆந் திகதி அதே மண்டபத்திலே பிரதானிகள் கூடி நாட்டைப் பிரித்தானிய முடிக்கு ஒப்படைத்தனர். மன்னன் வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே மாண்டான்.

ஆகவே, சுதந்திரம் பறிபோன மண்டபத்தின் சாயலிலேயே சுதந்திரத்துக்கு மண்டபம் எடுத்திருக்கின்றனர்! அடிமையோலை எழுதிய இடத்தைப் போய்ப் போற்றுவதா எனச் சில நண்பர்கள் எம்முடன் வாதிட்டதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பறிகொடுத்த வீட்டைத் திரும்பப் பெற்றவன் அதே வாசலால்தானே நுழைவான்?

எனினும் எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2020 பெப்ரவரி 4ஆந் திகதி இச்சதுக்கத்தில் நடந்த சுதந்திர விழாவிலே, பண்டிதர் மு. நல்லதம்பி அவர்கள் தமிழாக்கிய தேசிய கீதம் ஒலிக்கவில்லை. நான்காண்டின் முன் காலிமுகத்திடலில் அது ஒலித்திருந்தது. சுவரில்லாத அம்மண்டபத்தைக் காணுந்தோறும் அந்நாள் எமக்கு நினைவுக்கு வருகின்றது.

கொழும்பு செல்லும் சங்க அன்பர்கள் ஒரு மாலைப்பொழுதில் அங்கு சென்று தூண்களைப் பார்ப்பார்களாக. வசதியுள்ளோர் கண்டிக்கும் சென்று மூலத்தோடு ஒப்புநோக்குவார்களாக.