நடமாடும் வானாய்வகம்

நடமாடும் வானாய்வகம் என்பது தொலைநோக்கி, அதைத் தாங்கும் மவுண்ட், பேட்டரி, படுக்கை முதலியவற்றுக்கு இடம் இருக்கும்படி உள்ளமைப்பு மாற்றப்பட்ட வேன், கார் அல்லது சிறு சரக்கு வண்டி. ஒளி மிகுந்த ஊர்களில் வாழும் பொழுதுபோக்கு வானியலாளர்கள் இருண்ட வானத்தைத் தேடிப் போக இதைப் பயன்படுத்துகிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகரில், பூந்தமல்லியை ஒட்டிய குமணன்சாவடி போன்ற இடத்தில் வசிப்பவருக்கு இது ஆடம்பரம் அல்ல. டிரங்க் ரோடு கடைகளின் எல்இடி பலகைகள், ஆவடி சாலையின் விளக்குகள், தலைக்குமேல் செல்லும் மெட்ரோ இரண்டாம் கட்டப் பாதை, மேற்கே திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து இரவு வானத்தைச் சாம்பல் நிறமாக்கிவிட்டன. வானத்தின் இருளை ஒன்று முதல் ஒன்பது வரை தரப்படுத்தும் அளவுகோலை அமெரிக்கரான ஜான் போர்ட்டில் 2001இல் வெளியிட்டார். அதன்படி சென்னை மாநகரம் எட்டு, ஒன்பது படிகளில் வரும். மொட்டை மாடியிலிருந்து நிலாவையும் வியாழனையும் சனியையும் நன்றாகவே பார்க்கலாம். பால்வழி மட்டும் கண்ணில் படாது.

ஊரின் அமைவிடம் ஒருவகையில் சாதகம். குமணன்சாவடியிலிருந்து கிளம்பிய சில நிமிடங்களில் பெங்களூரு நெடுஞ்சாலை. காஞ்சிபுரம், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஆலங்காயம் ஏறினால் ஜவ்வாது மலையில் வானாய்வகம் உள்ள காவலூர். மொத்தம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

முன்னோடிகள்

சென்னை வானியலுக்கு இடம்பெயர்தல் புதிதல்ல. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த மெட்ராஸ் வானாய்வகத்தார் 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைக் காணக் கருவிகளுடன் வெளியூர் போனார்கள். இயக்குநர் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் முகாமிட்டார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்திக்குச் சென்ற குழுவை நடத்தினார். 1871 டிசம்பர் கிரகணத்துக்குப் போக்சன் குழு அவிநாசிக்குப் போனது. பிற்பாடு வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு இருண்ட மலையைத் தேடிக் காவலூரைத் தேர்ந்ததும் இதே தேவையால்தான். அங்கே 1960களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வேலை தொடங்கியது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

ஊர்தியையே ஆய்வகமாக்கியதில் உச்சம் தொட்டவை விமானங்கள். நாசாவின் கைப்பர் விமான ஆய்வகம், சி-141 சரக்கு விமானத்தில் 91 செ.மீ. தொலைநோக்கியைப் பொருத்தியது. 1977 மார்ச் 10 அன்று இந்தியப் பெருங்கடல் மேல் பறந்தபடி, விண்மீன் ஒன்றை யுரேனஸ் மறைத்ததைக் கவனித்த அது அக்கோளின் வளையங்களைக் கண்டுபிடித்தது. அதே இரவில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அந்த நிகழ்வைப் பதிவுசெய்தது.

தரையில், தொலைநோக்கியை வண்டியில் கொண்டுபோகும் பழக்கத்தை மக்களுடையதாக்கியவர் ஜான் டாப்சன். 1915இல் பீஜிங்கில் பிறந்தவர். வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தவர். மடத்துக்குள் தொலைநோக்கி செய்வதிலேயே மூழ்கியது அவர் வெளியேற்றப்பட்டதற்கு ஒரு காரணம். 1968இல் நடைபாதை வானியலாளர்கள் குழு உருவாக அவர் காரணமானார். பழைய பேருந்தில் 24 அங்குலத் தொலைநோக்கியை ஏற்றிக்கொண்டு அந்தக் குழு தேசியப் பூங்காக்களுக்குப் போனது. பிளைவுட் பெட்டியும் டெஃப்லான் துண்டுகளும் கொண்ட அவருடைய மவுண்ட், கழற்றி வண்டியில் போட ஏற்றது என்பதாலும் உலகெங்கும் பரவியது.

இந்தியாவில் கொல்கத்தாவின் பிர்லா அருங்காட்சியகம் 1965இல் நடமாடும் அறிவியல் கண்காட்சியைத் தொடங்கியது. தமிழக அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பரில் தொடங்கி, தன்னார்வலர்களைச் சோதனைக் கருவிகளுடன் இருசக்கர வாகனத்தில் அரசுப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. இரண்டும் வானியலுக்கு மட்டுமானவை அல்ல.

வண்டி எதற்கு, எதற்கு இல்லை

கூரையைத் திறந்து, வேனுக்குள்ளிருந்தே நட்சத்திரம் பார்க்கலாம் என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் ஆசை. அது பெரும்பாலும் பயன் தராது. வண்டி நிற்பது ஸ்பிரிங்கிலும் டயரிலும். உள்ளே ஒருவர் கால் மாற்றி நின்றாலே போதும், 200 மடங்கு உருப்பெருக்கத்தில் சனி கண்ணாடியை விட்டு ஓடிவிடும். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கலாம். தரைத்தகட்டில் ஓட்டை போட்டு, வண்டியைத் தொடாத இரும்புத் தூணை மண்ணில் ஊன்றலாம். அம்பத்தூர் எஸ்டேட் லேத் பட்டறைகளுக்கு இப்படியொரு தூணும் ஃபிளாஞ்சும் கடைந்து தருவது பெரிய வேலை இல்லை. ஆனால் அடுத்த தொல்லை வெப்பம். பகலெல்லாம் வெயிலில் காய்ந்த தகரக் கூரையிலிருந்து இரவில் எழும் சூடான காற்று பிம்பத்தை நெளிய வைக்கும். எனவே தொலைநோக்கி தரையில் நிற்க வேண்டும், வண்டி அதன் கிடங்காகவும் மின்நிலையமாகவும் படுக்கையறையாகவும் இருக்க வேண்டும். எஞ்சின் சூடு தொலைநோக்கிப் பக்கம் வராதபடி, காற்று அடிக்கும் திசை பார்த்து நிறுத்துவது முக்கியம்.

சட்டமும் இதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. டிஎன் 12 பதிவெண் கொண்ட பூந்தமல்லி வண்டியின் கூரையை அறுத்துவிட்டுத் தகுதிச் சான்றுக்கு (எஃப்சி) போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கழற்றி வெளியே எடுக்கக்கூடிய பிளைவுட் அலமாரியோ வெறும் சாமான்தான், வண்டியில் செய்த மாற்றம் அல்ல.

வண்டிகளில் ஆம்னி (2019இல் உற்பத்தி நின்றது), ஈக்கோ ஆகியவை ஒருவர் அல்லது இருவருக்குப் போதும். பெரிய குழுவுக்கு டெம்போ டிராவலர். சின்ன யானை எனப்படும் டாடா ஏஸ் மலிவு. ஆனால் திறந்த தொட்டியில் கண்ணாடிகளைக் கொண்டுபோவது பயணம் முழுவதும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

மின்சாரமும் இருளும்

மவுண்ட், பனி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டை, குளிரூட்டிய கேமரா, மடிக்கணினி எல்லாம் சேர்ந்து சுமார் 80 முதல் 100 வாட் இழுக்கும். பத்து மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். இதை வண்டியின் சொந்த பேட்டரியிலிருந்து எடுத்தால் விடியற்காலையில் மலைமேல் தள்ளு வண்டிதான். வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியைத் தூக்கிப் போடுவோர் உண்டு. அதில் பாதியைத்தான் தாராளமாகப் பயன்படுத்தலாம், எடை ஐம்பது கிலோவைத் தாண்டும், மலை வளைவுகளில் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறுவதால் மூடிய வேனுக்குள் ஆபத்தும் கூட. 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 1,280 வாட்-மணி. எடை பதினைந்து கிலோவுக்குள்.

கண் முழுமையாக இருளுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். கதவைத் திறந்ததும் எரியும் உள்விளக்கு அதை நொடியில் கெடுத்துவிடும். சென்ட்ரல் லாக் போடும்போது மின்னும் இண்டிகேட்டரும் அப்படியே. ஆகவே வண்டியில் செய்யும் முதல் மாற்றம், உள்விளக்குக்குத் தனி ஸ்விட்ச் வைத்துச் சிவப்பு எல்இடி பொருத்துவதாக இருக்கட்டும். செலவு சொற்பம், பலன் அதிகம்.

பதின்மூன்று பாகையின் சிக்கல்

வெளிநாட்டுக் கையேடுகள் பேசாத சங்கதி ஒன்று உண்டு. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயரத்திலேயே நிற்கும். குமணன்சாவடி மாடியில் அதை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைத்துவிடும். விண்மீன்களைத் தொடர்ந்து திரும்பும் நிலநடுக்கோட்டு மவுண்ட்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும்; ஐரோப்பாவை மனத்தில் வைத்துச் செய்த சில மாடல்களின் அளவுகோல் 15 பாகைக்குக் கீழே இறங்காது. முக்காலியின் வடக்குக் காலைச் சற்றுக் குட்டையாக்கிச் சமாளிக்கிறார்கள். எதிர் எடைத் தண்டு ஏறக்குறைய நேராகக் கீழே தொங்குவதால் முக்காலிக் காலில் இடிக்கும். அதற்கு நடுவில் ஒரு நீட்டிப்புத் தூண் வேண்டும். ஆகவே வண்டியை நிறுத்தும்போது வடக்குத் திசை அடிவானம் வரை திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பதிலுக்கு இந்த அட்சரேகை தருவது தென் வானம். பிப்ரவரி மாலையில் அகத்தியம் என்ற விண்மீன் தெற்கே சுமார் 24 பாகை உயரத்தில் ஒளிரும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவு வாக்கில், வானத்தின் ஆகப் பெரிய கோள வடிவ விண்மீன் கொத்தான ஒமேகா சென்டாரி ஏறக்குறைய 30 பாகைக்கு ஏறும். லண்டனில் இரண்டுமே உதிப்பதில்லை. ஜனவரி முதல் ஏப்ரல் வரையே நல்ல பருவம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வண்டியை ஷெட்டில் விட்டுவிடலாம்.

காவலூர்ப் பக்கம் போகிறவர்கள் வானாய்வகத்தின் அருகே ஹைபீம் போடுவதையும் பச்சை லேசரை மேலே அடிப்பதையும் தவிர்க்க வேண்டும். ஜவ்வாது மலையில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதியின்றி அங்கே இரவு தங்க முடியாது. எனவே தெரிந்தவர் நிலத்திலோ தங்கும் விடுதி வளாகத்திலோ வண்டியை நிறுத்துவதே வழக்கம்.