குழலில் படியும் உப்பு

கரிமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகும் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். கொஞ்சம் புகையோடு போகும், மீதி துப்பாக்கிக் குழலின் உட்சுவரில் ஒட்டும். இந்தக் கசடில் பெரும்பகுதி பொட்டாசிய உப்புகள். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, விரைவிலேயே இரும்பைத் துருவேற்றிவிடும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். அதனால் கரிமருந்துக் காலம் முழுவதும் குழல் கழுவும் திரவம் அடுப்பிலேயே கிடைத்தது: கொதிக்கும் நீர். அதில் சூடேறிய குழல் தானே உலர்ந்துவிடும். அதன்பின் எண்ணெயில் நனைத்த துணி.

1853-ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டு ரைஃபிளில் இந்தக் கசடு பெருந்தொல்லை ஆனது. வாய்வழியே மருந்தும் குண்டும் இடும் அந்தக் குழலுக்குள் சுழல் பள்ளங்கள் உண்டு. சில முறை சுட்டதும் அடுத்த குண்டு இறங்க மறுக்கும். குண்டைச் சுற்றிய காகிதத்தில் பூசிய கொழுப்பு, கசடை இளக்கி வழிவிட்டது. அந்தக் கொழுப்பு பசுவுடையதா, பன்றியுடையதா என்ற அச்சம் 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த தம்தம் முகாமில் எழுந்தது. அந்த மாத இறுதியிலேயே கம்பெனி அரசு இறங்கிவந்தது: தோட்டாக்கள் கொழுப்பின்றி வழங்கப்படும், சிப்பாய்கள் தங்களுக்கு ஒப்பானதைத் தாங்களே பூசிக்கொள்ளலாம். தேன்மெழுகும் நெய்யும் எண்ணெயும் அந்த வேலையைச் செய்யக்கூடியவையே. கைப்பக்குவத்தைச் சிப்பாயிடமே விட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் நம்பிக்கை ஏற்கெனவே அறுந்திருந்தது. பளபளத்த காகிதமே இப்போது சந்தேகத்துக்குள்ளானது. மே 11 அன்று சிப்பாய்களின் கிளர்ச்சி தில்லிக்குள் நுழைந்தது. அன்று பிற்பகல் ஆங்கிலேயரே வெடிவைத்துத் தகர்த்த ஆயுதக் கிடங்கின் வாயில்கள் காஷ்மீரி கேட் அருகே இன்றும் நிற்கின்றன.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகையில்லா மருந்து வந்தது. நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் ஆலை எழுந்தது அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில். கரிக்கசடு குறைந்தும் துரு நிற்கவில்லை. காரணம் மருந்தில் இல்லை, அதைப் பற்றவைக்கும் தொப்பியில் இருந்தது. அதிலுள்ள பொட்டாசியம் குளோரேட் எரிந்து பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் படிந்தது. சமையலுப்பின் நெருங்கிய உறவு அது. எண்ணெய்ப் படலத்துக்கு அடியிலும் அது இரும்பை அரிப்பதை 1922-இல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் ஆய்வு தெளிவாக்கியது. பட்டாளங்களோ முன்பே வழி கண்டிருந்தன: புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றி, கயிற்றில் கட்டிய துணியை இழுத்துத் துடைத்து, பர்மிய நகரின் பெயர் தாங்கிய ரங்கூன் எண்ணெயைப் பூசுவது. அந்தக் கயிற்றை இந்தியப் படைகளில் ‘புல்த்ரூ’ என்றும் துணியை ‘சிந்தி’ என்றும் அழைப்பார்கள்.

கடையில் விற்ற திரவங்களுக்கு மாற்றாக வீட்டிலேயே கலக்கும் முறையும் பரவியது. அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் ஹாட்சர் 1947-இல் வெளியிட்ட நூல், அந்நாட்டின் பிராங்க்ஃபோர்டு ஆயுதசாலையின் கலவை ஒன்றைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது: அசிட்டோன், டர்பன்டைன், மண்ணெண்ணெய், திமிங்கில எண்ணெய். முதல் இரண்டும் புகைக்கரியை இளக்கும், மண்ணெண்ணெய் இடுக்குகளில் ஊடுருவும், கடைசி எண்ணெய் படலமாகத் தங்கிக் காக்கும். பிற்காலத்தில் திமிங்கில எண்ணெயின் இடத்தைக் காரின் தானியங்கி கியர்ப்பெட்டித் திரவம் பிடித்தது. இந்த நான்கில் எதுவும் உப்பைக் கரைக்காது. குளோரேட் தொப்பி கொண்ட பழைய தோட்டாவைச் சுட்ட குழலுக்கு முதலில் வெந்நீர்தான். கலவை அதற்குப் பிறகே.