கடல் நீர்நாய் தோலுக்காக உலகை சுற்றிய அமெரிக்க கப்பல்: 'கொலம்பியா'வின் மறுபக்கம் என்ன?

1790 ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்துக்குள் பீரங்கி முழக்கத்தோடு ஒரு கப்பல் நுழைந்தது. பெயர் 'கொலம்பியா ரெடிவைவா'. உலகை முழுசா சுற்றி வந்த முதல் அமெரிக்க கப்பல் இதுதான். ஆனா, கேப்டன் ராபர்ட் கிரே போனது உலகை சுற்றிப் பார்க்க இல்லை. தோல் விற்று தேயிலை வாங்க!

தேயிலைக்கு எதுக்கு தோல்?

1783-ல் சுதந்திரப் போர் முடிந்ததும், கரீபியன் தீவுகளில் இருந்த தனது துறைமுகங்களை அமெரிக்க கப்பல்களுக்கு பிரிட்டன் மூடிவிட்டது. பாஸ்டன் வணிகர்களின் பார்வை சீனா பக்கம் திரும்பியது. அங்கே தேயிலை, பட்டு, பீங்கான் எல்லாம் இருக்கு. பதிலுக்கு என்ன கொடுப்பது? சீனர்கள் கேட்டது வெள்ளி. புதுசாகப் பிறந்த நாட்டிடம் அது போதுமான அளவு இல்லை.

வழி காட்டியது பிரிட்டிஷ் மாலுமி ஜேம்ஸ் குக்கின் கடைசி பயணம். 1778-ல் இன்றைய கனடாவின் வான்கூவர் தீவில், அவரது ஆட்கள் சின்னச் சின்ன பொருட்களைக் கொடுத்து கடல் நீர்நாய் தோல்களை வாங்கியிருந்தார்கள். அடுத்த ஆண்டு குக் ஹவாயில் கொல்லப்பட்டார். அவரது கப்பல்கள் சீனாவை அடைந்தபோது, நல்ல தோல் ஒன்றுக்கு 120 டாலர் வரை கிடைத்தது.

அப்படி என்ன இருக்கு அந்த தோலில்?

திமிங்கலம், சீல் போல கடல் நீர்நாய்க்கு தோலுக்கு அடியில் கொழுப்பு அடுக்கு கிடையாது. குளிரைத் தாங்குவது ரோமத்தால்தான். ஒரு சதுர அங்குலத்தில் 10 லட்சம் முடிகள் வரை இருக்கும். விலங்குகளிலேயே அடர்த்தியான ரோமம் இதுதான்.

1787-ல் 'கொலம்பியா', 'லேடி வாஷிங்டன்' என இரண்டு கப்பல்கள் பாஸ்டனில் இருந்து கிளம்பின. பனாமா கால்வாய் இல்லாத காலம். தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி வான்கூவர் தீவுக்குப் போய்ச் சேரவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. உளி போன்ற இரும்புச் சாமான்களைக் கொடுத்து தோல் வாங்குவது, அதை சீனாவின் கான்டனில், அதாவது இன்றைய குவாங்சோவில் விற்பது, தேயிலையோடு ஆப்பிரிக்கா வழியாக ஊர் திரும்புவது. இதுதான் ரூட். முதல் பயணத்தில் பெரிய லாபம் ஒன்றும் வரவில்லை. ஆனா வழி தெரிந்துவிட்டதே! அடுத்தடுத்து பாஸ்டன் கப்பல்கள் கிளம்பின. அந்தக் கடலோர மக்கள் அமெரிக்கர் எல்லோரையுமே 'பாஸ்டன்' ஆட்கள் என்று அழைக்கும் அளவுக்கு!

விலை கொடுத்தது யார்?

முதலில் நீர்நாய்கள். ரஷ்யர்கள், பிரிட்டிஷார், அமெரிக்கர்கள் என எல்லோரும் போட்டி போட்டதில், லட்சக்கணக்கில் இருந்த இனம் 2,000 அளவுக்குச் சுருங்கியது. 1911-ல்தான் சர்வதேச ஒப்பந்தம் மூலம் பாதுகாப்பு கிடைத்தது.

அடுத்து, தோல் விற்ற பழங்குடி மக்கள். கிரேயின் இரண்டாவது பயணம் அது. தன் கப்பலைத் தாக்க சதி நடக்கிறது என்று நம்பிய அவர், 1792 மார்ச்சில் வான்கூவர் தீவை ஒட்டி இருந்த ஒபிட்சாட் கிராமத்தை அழிக்க உத்தரவிட்டார். சுமார் 200 வீடுகள், வாசலிலேயே சிற்ப வேலைப்பாடு கொண்டவை, தரைமட்டமாயின. உத்தரவை நிறைவேற்றிய இளம் மாலுமி ஜான் பாய்ட், தனது நாட்குறிப்பில் இதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார்.

அடுத்த இரண்டே மாதத்தில் கிரே ஒரு பெரிய நதிக்குள் நுழைந்து அதற்கு தன் கப்பலின் பெயரையே வைத்தார். அதுதான் கொலம்பியா நதி. பள்ளிப் புத்தகங்களில் இடம்பிடித்தது இந்த நதிதான், ஒபிட்சாட் அல்ல.

2005-ல் கிரேயின் வழித்தோன்றல்கள், அந்த கிராமத்துக்குச் சொந்தக்காரர்களான ட்லா-ஓ-குவி-ஆட் மக்களிடம் முறைப்படி மன்னிப்பு கேட்டார்கள். 213 வருஷம் கழித்து.